என் விரலைக் காட்டிக்கொடுத்த அக்காவுக்கு

அம்மா என்று கூப்பிடப் பழகுவதற்கு முன்பே நான் வாய் நிறையக் கூப்பிட்ட என் இந்திராணி அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. செத்துப்போனவளிடம் என்னடா கோபம் என்று கேட்பாய். நீயே சொல், உயிரோடு இருந்தவளிடம் பட்ட கோபம், ஆள் போன பிறகு எங்கே போய்ச் சேரும்?

இப்போது எழுதுவதற்குக் காரணம் உன் வீட்டுக்காரர், மச்சான். "எழுதுடா, எல்லாத்தையும் எழுது. நான் செஞ்சதையும் சேத்து எழுது" என்று அவரே சொல்லிவிட்டார். உன் மகள் தர்ஷினியும் வாசிப்பாள். நீ கடைசியாகக் கிடந்த அந்த வார்ட்டில் இன்று யாரையாவது படுக்க வைத்துவிட்டு வெளியே நிற்கிறவர்களும் வாசிக்கட்டும். அவர்களுக்காகக் கொஞ்சம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

நான் நகரத்துக் குப்பை லொறியில் வேலை செய்கிறவன். நீ கண்டி டவுனில் பத்தொன்பது வருஷம் புடவைக் கடையில் நின்றவள். கடையில் ஒருத்திக்கும் நீ மஹய்யாவக்காரி என்று தெரியாது. மஹய்யாவ என்றால் ஊர்க் குப்பையைக் கூட்டுகிறவர்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அந்தப் பேச்சுக்குப் பயந்து கட்டுகஸ்தோட்டை என்று சொல்லிவைத்திருந்தாய். சாயந்தரம் கடைப் பெண்களோடு கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறி, அவர்களுக்குத் தெரியாமல் நடுவில் இறங்கிக்கொள்வாய். நான் லொறியில் உன் கடைப் பக்கம் வந்தால் நீ புடவை மடிக்கிற சாக்கில் திரும்பிக்கொள்வாய். அதற்கு நான் ஒரு நாளும் உன்னைக் கோபித்ததில்லை.

கையில் நீலம் நீலமாகக் கன்றியபோது துணிக்கட்டு இடித்துவிட்டது என்றாய். பல் விளக்கினால் இரத்தம் வந்தபோது பிரஷ் சரியில்லை என்றாய். பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதித்த அன்றே உன்னைப் படுக்க வைத்துவிட்டார்கள். இரத்தப் புற்றுநோய்.

அந்த யாழ்ப்பாணத்து டொக்டர் என்னையும் மச்சானையும் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"இந்த மருந்து கெட்ட கலத்தை மட்டும் பாத்துக் கொல்லாது. நல்ல வெள்ளையணுவையும் கொல்லும். ஒரு ரெண்டு கிழமைக்கு, பதினாலு நாளைக்கு, இவவின்ர உடம்பில எதிர்ப்புச் சக்தியே இராது. எங்களுக்கு ஒண்டும் செய்யாத கிருமி இவவின்ர உயிரை எடுத்துப்போடும். நோயை விட எனக்கு அந்த ரெண்டு கிழமைதான் பயம்."

உன்னை வார்ட்டின் கடைசியில் கண்ணாடி போட்ட அறைக்கு மாற்றினார்கள். இரண்டே கட்டில். பூ கூடாது, பச்சையாக ஒன்றும் கூடாது, வெளிக் கடைச் சாப்பாடு கூடாது. ஆறின தண்ணீர் என்றாலும் கொதித்து ஆறினதுதான். ஒரு நேரத்துக்கு ஒரே ஆள், அதுவும் கையைச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவி, முகமூடியும் மேலங்கியும் போட்டுக்கொண்டு. தடிமன், இருமல், காய்ச்சல், புண் எது இருந்தாலும் வாசலோடு சரி. தர்ஷினியின் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்ததால் அவளை வரவே வேண்டாம் என்றார்கள். மச்சானுக்குக் கொழும்பில் சாப்பாட்டுக் கடை வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். மிச்சம் நான்தான்.

வந்து போகிறவர் பெயர், உறவு, தொழில் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். நான் பேனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீ கட்டிலில் இருந்து மெதுவாகச் சொன்னாய்.

"டிரைவர்னு போடு தம்பி."

"எதுக்குக்கா?"

"தெரிஞ்சா உள்ள விடமாட்டாங்கடா. அப்புறம் எனக்கு யாரு இருக்கா?"

டிரைவர் என்று எழுதினேன். விடிய ஐந்து மணியிலிருந்து பத்து மணி வரை ஊர்க் குப்பையில் கை வைக்கிறவன், பன்னிரண்டு மணிக்குக் கிருமியே வரக்கூடாத அறைக்குள் போகிறேன். உண்மையைச் சொன்னால் நீ தனியாகிவிடுவாய். சொல்லாவிட்டால் நானே உன்னைக் கொன்றுவிடுவேனோ? இதை யாரிடம் போய்க் கேட்பது?

அதனால் கழுவினேன் அக்கா. பைப்படியில் தலைக்குக் குளித்து, நகத்தை ஒட்ட வெட்டி, பிரஷால் நக இடுக்கெல்லாம் தேய்த்து, மறுபடி ஒரு தரம் குளித்தேன். ஆஸ்பத்திரிக்கென்று இரண்டு சோடி உடுப்பைக் கொதிதண்ணியில் அலசி, இஸ்திரி போட்டு, பையில் கட்டி எடுத்துவந்து அங்கேயே மாற்றினேன். பக்கத்துக் கட்டில் அம்மாவைப் பார்க்க வந்த, கந்தோரில் உத்தியோகம் பார்க்கிறவரை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பஸ்ஸில் இருந்து இறங்கி நேரே வந்து, குழாய்ப் பக்கம் திரும்பாமல், கட்டில் கம்பியைப் பிடித்தவரை? "மஹத்தயா, கை கழுவிட்டு வாங்க" என்று நான் மரியாதையாகச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு போய்க் கழுவினார். நீ முகமூடிக்குள் சிரித்தாய். கண் சுருங்கினதில் தெரிந்தது.

ஆனால் நீ சிரித்தது அவ்வளவுதான். நாள் போகப் போக அந்த அறை உன்னை நெருக்கியது. ஜன்னல் திறக்கக் கூடாது. வெளியே நடக்கக் கூடாது. வாயெல்லாம் புண். தலைமுடி தலையணையில் கிடந்தது. "ஷோகேஸ் பொம்மை மாதிரி வச்சிருக்காங்கடா. வர்றவங்க எல்லாம் கண்ணாடியில பாத்துட்டுப் போறாங்க" என்றாய். இன்னொரு நாள், "அந்த முகமூடியை ஒரு நிமிஷம் கழட்டேன், ஒன் வாயே எனக்கு மறந்து போச்சு" என்றாய். நான் கழற்றவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கஞ்சியைக் கரண்டியில் எடுத்தேன். செய்தது சரிதான். சரியானதைச் செய்துவிட்டு வந்த அன்று எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை?

அந்தச் சனிக்கிழமை ஒரு குப்பைப் பையைத் தூக்கும்போது உள்ளே இருந்த உடைந்த போத்தல் கையுறையைக் கிழித்து வலது ஆட்காட்டி விரலில், நகத்தோரம் வெட்டியது. சின்ன வெட்டு. கழுவிக் கட்டினேன். ஞாயிறு மச்சான் வந்ததால் நான் வரவில்லை. செவ்வாய்க்கிழமை விரல் வாழைப்பூ மடல் மாதிரி சிவந்து வீங்கிவிட்டது. நகத்தடியில் சீழ்.

வராமல் இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியும். ஆனால் புண் என்று சொன்னால் எப்படி வந்தது என்று கேட்பார்கள், டிரைவருக்கு எப்படிப் போத்தல் வெட்டும்? நீ காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்பதும் தெரியும். மருந்துத் துணி சுற்றி, அதற்கு மேல் ரப்பர் கிளவுஸ் போட்டு, இடது கையால்தான் ஊட்டினேன். நீ அந்தக் கிளவுஸையே பார்த்தாய். நாலு கரண்டி குடித்துவிட்டுப் போதும் என்று திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

அன்றிரவெல்லாம் யோசித்து, புதன்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவதென்று வந்தேன். வாசலிலேயே அந்த மிஸ் நின்றார், உன் மேல் பாசமாக இருந்த சிங்கள நர்ஸ். நான் வாயைத் திறப்பதற்குள், தம்பி என்பதைச் சிங்களத்தில் மல்லி என்று கூப்பிட்டு, அவர் சொன்னார்.

"மல்லி, கை காட்டுங்க."

நான் காட்டினேன்.

"அக்கா எல்லாம் சொல்லியாச்சு. குப்பை லொறி வேலை, பொய் எழுதினது, இந்த விரல், எல்லாம். அழுது அழுது சொன்னது."

"மிஸ், நானே இன்னைக்கு…"

"வேலை எனக்கு பிரச்சினை இல்ல மல்லி. நீங்க கழுவுற மாதிரி இங்க யாரும் கழுவுறது இல்ல, நான் பாத்து இருக்கு. ஆனா இந்தச் சீழ் கழுவினா போறது இல்ல. மருந்து எடுத்து, சுகமாகி வாங்க. அதுவரைக்கும் கண்ணாடிக்கு வெளியில."

அவர் நல்ல மாதிரித்தான் சொன்னார். என் காதில் விழுந்தது வேறு. நீ சொல்லிவிட்டாய் என்பது மட்டும்தான் விழுந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று உனக்குப் போன் எடுத்தேன். நீ கட்டிலில் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே பேசினாய்.

"ஏன்க்கா சொன்ன?"

"கிளவுஸுக்குள்ள விரல் வீங்கியிருந்துச்சுடா. நான் பாத்தேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? நானே நின்னிருப்பேனே."

"நீ நிக்க மாட்ட. நான் பாவம்னு நாளைக்கும் வருவ."

"ஊர்ல இருக்கிறவன் எல்லாம் நம்ம கையைப் பாத்துத் தள்ளி நின்னான். நீயுமாக்கா?"

நீ போனை மற்றக் காதுக்கு மாற்றினாய். பிறகு சொன்னாய்.

"எனக்குச் சாகப் பயமா இருக்குடா தம்பி."

நான் போனை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். உன்னைப் பார்க்கவேயில்லை.

வியாழக்கிழமை வரவில்லை. கஞ்சியை என் மனைவி கொண்டுவந்து வாசலில் கொடுத்தாள். வெள்ளிக்கிழமையும் வரவில்லை. வெள்ளி பகல் மூன்று தரம் நீ போன் எடுத்தாய். லொறியில் உட்கார்ந்து உன் பெயர் ஒளிர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன சொல்ல எடுத்தாய் அக்கா? சாப்பிட்டாயா என்று கேட்கவா? குளிர்கிறது என்று சொல்லவா? இதை மட்டும் எனக்குச் சொல்ல ஆளே இல்லை.

அன்று பின்னேரம் உனக்குக் காய்ச்சல். காய்ச்சல் கண்டவுடன் இரத்தம் எடுத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் கிருமிக்கு மருந்து ஏற்றிவிட்டதாக மிஸ் சொன்னார். அவர்கள் ஒன்றிலும் குறை வைக்கவில்லை. சனிக்கிழமை நான் ஓடி வந்தபோது நீ போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாய். கண்ணாடிக்கு வெளியே நான். உன் முகத்தில் ஒட்சிசன் மூடி. பேச முடியவில்லை. நீ உன் ஆட்காட்டி விரலை உயர்த்தி, மற்றக் கையால் அதன் நகத்தைத் தொட்டுக் காட்டிப் புருவத்தைத் தூக்கினாய்.

விரல் எப்படி என்று கேட்டாய்.

நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, ஆறிவிட்டது என்று தலையாட்டினேன். ஆறியிருக்கவில்லை. அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நீ போய்விட்டாய்.

விரல் விஷயத்தை நீயே வியாழக்கிழமை மச்சானிடம் போனில் சொல்லியிருந்தாய் போலிருக்கிறது. சுடலையில் எல்லோரும் கலைந்த பிறகு அவர் என்னிடம் வந்தார். "அந்தக் கையோட எதுக்குடா போன? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேலையை விட்டுட்டு நான் வந்திருப்பேன்ல?" அவ்வளவுதான் கேட்டார். அதற்குப் பிறகு அவர் என் வாசல் மிதிக்கவில்லை. தர்ஷினி எங்களோடுதான் இருக்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் வருவார். கீழே சந்தியில் நின்று மகளுக்குப் போன் எடுப்பார். அவள் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வீட்டில் உன் பெயரை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் அடுத்த பேச்சு என் விரலுக்கு வந்துவிடுமே.

கழுவுவதை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை. வேலை விட்டு வந்தால், சாப்பிடும் முன், சாப்பிட்ட பின், தர்ஷினியின் புத்தகத்தைத் தொடும் முன். தோல் உரிந்து எரிகிறது. ஆனாலும் பைப்படியை விட்டு வரக் கால் வருவதில்லை. நீ கண்ணாடிக்குள் பதினாலு நாள் இருந்தாய். நான் இன்னும் வெளியே வரவில்லை அக்கா.

போன மாதம் தர்ஷினி திடீரென்று கேட்டாள். "மாமா, அம்மாவுக்கு எதனால காய்ச்சல் வந்துச்சு? அப்பாவும் சொல்றாரில்ல, நீங்களும் சொல்றீங்க இல்ல." எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வேன்? மறுநாள் லீவு போட்டு அந்த டொக்டரின் கிளினிக்குக்குப் போய்க் கடைசி ஆளாக உட்கார்ந்தேன். அவருக்கு உன்னை ஞாபகம் இருந்தது. பழைய அறிக்கையைத் தேடி எடுத்துப் பார்த்தார்.

"இரத்தத்தில வளந்த கிருமி குடலில இருக்கிற கிருமி. எனக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கு. மருந்தால குடலின்ர உட்தோல் புண்ணாகிப் போகேக்க அது இரத்தத்துக்குள்ள போயிடும். உங்கட விரலில வாற சீழ்க் கிருமி அநேகமா வேற இனம்."

"அப்ப நான் இல்லையா டொக்டர்?"

"பெரும்பாலும் இல்லை."

"பெரும்பாலும்னா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அதுக்கு மேல என்னால சொல்ல ஏலாது தம்பி."

"அவ உடம்புக்குள்ளேயே இருந்ததுதான்னா, எதுக்கு அவளை அப்படி அடைச்சு வச்சோம்?"

"அடைச்சு வச்சதால எத்தனை கிருமி வராமப் போச்சுதோ. வராமப் போனதை நான் எப்பிடிக் காட்டுறது?"

பெரும்பாலும் இல்லை என்றதே எனக்குப் போதுமாக இருந்தது. அந்த ஞாயிறு மச்சான் சந்தியில் நின்று போன் எடுத்தபோது, தர்ஷினியை இருக்கச் சொல்லிவிட்டு நான் இறங்கிப் போனேன். மூச்சு விடாமல் சொன்னேன்.

"மச்சான், நான் டொக்டரைப் பாத்தேன். என் விரல் இல்லையாம். குடல்ல இருந்து வந்த கிருமியாம்."

அவர் சந்தோஷப்படாவிட்டாலும் முகமாவது இளகும் என்று நினைத்தேன். அவர் பக்கத்துக் கடை மதிலைப் பிடித்துக்கொண்டார்.

"குடல்ல இருந்தா?"

"ஆமா மச்சான்."

"யோகா, அந்த ஞாயித்துக்கிழமை நான் அவளுக்கு அன்னாசி அச்சாறு வாங்கிக் குடுத்தேன்டா."

எனக்குப் புரிய நேரம் எடுத்தது. குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மிளகாய்த்தூள் பிசறின பச்சை அன்னாசித் துண்டை வண்டிக்காரனிடம் வாங்கி, சட்டைக்குள் வைத்து உள்ளே கொண்டுபோயிருக்கிறார். நீதான் போனில் கேட்டாயாம். "வாய் செத்துப்போச்சு, ஒரு துண்டு போதும், தம்பிகிட்டக் கேட்டா அடிப்பான்" என்றாயாம். இரண்டு துண்டு தின்றாயாம். மிளகாய் புண்ணில் பட்டுக் கண்ணெல்லாம் தண்ணீர் வந்ததாம். ஆனாலும் விரலை நக்கினாயாம்.

"ஒரு வருஷமா பழியை ஒன் தலையில போட்டுட்டு இருந்தேன்டா. ஒன்னைப் பாத்தா எனக்கு இதுதான் ஞாபகம் வரும். அதான் வீட்டுக்கு வரல."

நான் என் தலையில் இருந்ததை இறக்கி அவர் தலையில் வைத்துவிட்டேன், பார்த்தாயா? திருப்பி எடுக்கவும் முடியாது. ஒரு பக்கம் ஆத்திரம் வந்தது. ஒரு வருஷம் இந்த மனுஷன் என்னைக் கையைக் கழுவிக் கழுவிச் சாக விட்டாரே என்று. இன்னொரு பக்கம், சொன்னால் நீ சிரிப்பாய், எனக்குப் பொறாமையாக இருந்தது. நீ ஆசைப்பட்டதை அவராவது கொடுத்தாரே. நான் முகமூடியைக் கூடக் கழற்றவில்லையே.

அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை. "குடுத்திருக்கக் கூடாது. அது பிழைதான். ஆனா அதாலதான் எண்டும் சொல்ல ஏலாது, அதால இல்லை எண்டும் சொல்ல ஏலாது. ஒண்டுமே சாப்பிடாத ஆக்களுக்கும் இதே கிருமி இப்பிடியே வந்திருக்கு. நான் பொய் சொல்லி உங்களை அனுப்ப விரும்பேல்லை" என்றார்.

வெளியே வந்து ஆஸ்பத்திரி மதிலோரம் இரண்டு பேரும் நின்றோம். பஸ் இரண்டு போய்விட்டது. ஏறத் தோன்றவில்லை. மச்சான் என் வலது கையை எடுத்தார். கோணலாக முளைத்திருந்த நகத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு ரொம்ப வலிச்சுதா?"

ஒரு வருஷத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை அக்கா. ரோட்டில் நின்று அழுதேன்.

எங்களுக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று நினைக்காதே. நான் இன்னும் அதிகமாகத்தான் கழுவுகிறேன். அவர் இன்னும் அச்சாறு வண்டிப் பக்கம் போவதில்லை. ஆனால் நேற்று அவர் வீட்டுக்கு வந்தார். என் மனைவி தட்டு வைத்தாள். சாப்பிட்டார். தர்ஷினி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

ஒன்றை மட்டும் நான்தான் சொல்ல வேண்டும். நீ செத்துப்போன அந்த வாரமே அவள் என்னிடம் கேட்டாள், "அம்மா கடைசியில பயந்தாங்களா மாமா?" என்று. இல்லைம்மா, அம்மா தைரியமாத்தான் இருந்தா என்று சொல்லிவிட்டேன். அன்று உன் மேல் இருந்த கோபத்தில், உன் பயத்தை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பியின் கையைக் கண்டு பயந்தவள் என்று சொல்வதாகிவிடும் என்று நினைத்தேன்.

இப்போது எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. பத்தொன்பது வருஷம் கட்டுகஸ்தோட்டை என்று மறைத்தவள், ஒரு நர்ஸிடம் நாங்கள் யார், தம்பி என்ன வேலை, என்ன பொய் எழுதினோம் என்று வாய்விட்டுச் சொன்னாய். வெட்கத்தை விட உனக்கு உயிர் பெரிதாக இருந்தது. அந்த மகளிடம் திரும்பி வர வேண்டும் என்று இருந்தது.

நாளைக்கு அவளிடம் சொல்கிறேன் அக்கா. அம்மா பயந்தாள், ரொம்பப் பயந்தாள், மகளே, உன்னிடம் திரும்பி வர ஆசைப்பட்டுப் பயந்தாள் என்று சொல்கிறேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறந்த தம்பி,
யோகா
மஹய்யாவ